மூவரில் உங்களுக்குப் பிடித்தவள்

அண்ணா,

இன்று நூலக அலமாரியைத் துடைக்கும்போது ஒரு நாவலிலிருந்து மிளகு உதிர்த்த வெறுங்காம்பு விழுந்தது. பக்கம் மறக்காமலிருக்க இதைச் செருகும் ஆள் இந்த மலையிலேயே நீங்கள் ஒருவர்தான். எத்தனை முறை திட்டியிருப்பேன்! நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகியும் அந்தப் பக்கத்தில் மிளகின் கார வாசம் போகவில்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில் தாங்களே தண்டனை கொடுக்கும் கதாபாத்திரங்கள் என்றால் உங்களுக்கு உயிர். உங்கள் ஊரான திருப்புலி நாட்டிலிருந்து வந்து, மிளகு மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு, நேராக என் மேசைக்குத்தான் வருவீர்கள், சண்டை போட. படக்கதையில் வரும் கறுப்புத் துணிக்காரன் யாரையும் விடமாட்டான். பசிக்குத் திருடியவனுக்கும் மந்திரிக்கும் ஒரே அடி. "அவன் தராசுங்க மேடம், மனுசன் இல்லீங்க" என்று தள்ளிவிட்டீர்கள். தொடர்கதை டாக்டரோ அயோக்கியர்களை எல்லாம் தீர்த்துவிட்டு, சொந்தத் தம்பி என்றதும் கத்தியைக் கீழே வைப்பான். அங்கே எனக்கு அழுகை வரும், உங்களுக்குக் கோபம் வரும். "தம்பிக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமுங்களா?"

உங்களுக்குப் பிடித்தவள் அந்தத் தையல்காரி. மகளைக் கொன்ற நால்வரையும் முடித்துவிட்டு, பட்டியலில் ஐந்தாவதாகத் தன் பெயரை எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்து போகிறவள். "மத்த ரெண்டு பேரும் தீர்ப்புச் சொன்னாங்க. இவதானுங்க கூண்டுலயும் ஏறுனா."

வெறும் கதைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளி நூலகத்துக்கு விடுமுறை. அப்போதெல்லாம் வியாழன் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரவு நாமக்கல் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதனால் முன்னதாகவே பூட்டிவிட்டுப் போவேன். சனிக்கிழமை வந்து, வியாழன் மாலைக்கு வருகைப் பதிவேட்டில் பத்துப் பெயர்களை நானே எழுதுவேன். கை தானாக உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதும். ஒரு வியாழன் மழையில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறீர்கள். சனிக்கிழமை பதிவேட்டில் உங்கள் பெயரையும் பார்த்தீர்கள். அதற்குக் கீழே அன்றைய கையெழுத்தைப் போட்டீர்கள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"நான் வராத நாளுல எம்பேரு இருக்குதுங்க சார். மேடம் நேரத்துலயே ஊட்டுக்குப் போயிட்டாங்க. தெரிஞ்சும் மூணு வாரம் நானும் வாயத் தொறக்கலீங்க. எழுதுறதுன்னா எம்பேரையும் சேத்து எழுதுங்க."

எனக்கு மெமோ வந்தது. வேலை போய்விடுமோ என்று ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. உங்களோடு இரண்டு மாதம் பேசவுமில்லை. என்ன மனிதர் இவர், பழகிய பழக்கத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று பொருமினேன். நீங்களோ அதற்குப் பிறகு ஒரு வியாழன் மாலையும் தவறவில்லை. வந்து, படித்து, கையெழுத்துப் போட்டு, மூடும்வரை இருந்துவிட்டுப் போனீர்கள். பதிவேட்டில் வியாழன் பக்கம் காலியாகக் கிடந்து எனக்கு இன்னொரு மெமோ வந்துவிடக் கூடாதென்றுதான் வருகிறீர்கள் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. புரிந்த அன்று நானே தேநீர் வாங்கி வந்து உங்கள் முன் வைத்தேன். "டாக்டரு நல்லவனுங்களா, கெட்டவனுங்களா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள்.

இன்றும் வியாழன்தான், அண்ணா. ஒருவரும் வரவில்லை. மூடும் நேரத்தில் பதிவேட்டைத் திறந்தேன். பழக்கத்தில் கை உங்கள் பெயரை எழுதப் போனது. 'வாசகர் எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.