அத்தானின் காரும் இறுகிய போல்ட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? விடுதியில் வார்டன் வேலைக்குக் குறையில்லை; பேசத்தான் ஆளில்லை.

நேற்று எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் டாக்டரம்மா தன் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது கியர் லிவர் வாங்கி மாட்டினார். இரு கையால் தள்ளினாலும் கியர் விழவில்லை.

"கியர்பாக்ஸே போச்சு, வித்துத் தொலைங்க" என்றேன்.

"அட போங்கம்மா! போல்ட்டை ரொம்ப முடுக்கிட்டேன், அவ்வளவுதான்."

சற்றுத் தளர்த்தி கிரீஸ் தடவியதும், ஒரு விரலுக்கே கியர் விழுந்தது.

உன் அத்தான் தன் காரில் கடைசியாக மாட்டியதும் இப்படியொரு லிவர்தானே? அதற்குப் பிறகுதானே அதிலும் கியர் விழாமல் போனது? "பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் கண்ணை மூடும் முன்புகூடச் சொன்னார். நான் நம்பாமல், உன்னிடம் நிற்கும் அந்தக் காரை விற்கச் சொல்லிப் போன வாரம் உனக்கு எழுதிவிட்டேன்.

இன்னும் விற்கவில்லையென்றால் போல்ட்டைத் தளர்த்திப் பார். விற்றிருந்தால், உள்ளே கிடக்கும் அவர் மூக்குக்கண்ணாடியையாவது கேட்டு வாங்கி அனுப்பு. சாப்பாட்டு மணி அடிக்கிறது. வாங்கியவரிடம் போல்ட் விஷயத்தைச் சொல்லிவிடு. உன் அத்தான் வண்டியைப் பழுதென்று இனி யாரும் பேச வேண்டாம். நான் பேசியது போதும்.

அக்கா