பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்

நவம்பர் 13

தேர்தலில் தோற்றுப்போய் ஒரு வாரம் ஆகிறது. இன்று ஜனாதிபதி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். “சண்டை முடிஞ்சது. வர்றவங்க கையில வீட்ட ஒழுங்கா குடுக்கணும். ஒரு பல்பு எரியலன்னாலும் மாத்திட்டுப் போங்க” என்றார்.

புயல், தீ, வெள்ளம் எது வந்தாலும் மாநில ஆளுநர்கள் முதலில் கூப்பிடுவது ஜனாதிபதி மாளிகையில் என் மேசையைத்தான். நாலு வருடமாக அந்தத் தொலைபேசிதான் என் குழந்தை. அதை எவனோ ஒருவனிடம் தூக்கிக் கொடுக்க வேண்டுமாம்.

“ஒரு வருஷமா டிவில உங்க எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினவங்களுக்கு, நீ காபி ஊத்திக் குடுத்து வேலையும் கத்துக்குடுப்பியா லோர்னா?” என்றார் ஆர்விட். கட்டிய கணவருக்குக் குத்திக்காட்டச் சொல்லியா தர வேண்டும்?

“பேசாம சாப்பிடுங்க” என்றேன்.

நவம்பர் 26

என் இடத்துக்கு வந்து சேர்ந்தார் மகராசன். பெயர் அல்சீட் பாபினோ. லூசியானாக்காரர், நாற்பது தாண்டியிருக்கும், உப்பிய கன்னம். கையில் ஒரு பீங்கான் தட்டு நிறைய பெக்கான் பை, கொட்டை வைத்துச் சுடும் இனிப்பு. வாசலில் மோப்ப நாய் அதை விட்டு நகர மறுத்ததாம். “எங்கம்மா சுட்டது மேடம். நாய்க்கே தெரிஞ்சுபோச்சு.”

எனக்கு முன்னால் கதவைத் தாண்ட மாட்டார். நான் உட்காராமல் உட்கார மாட்டார். இவ்வளவு மரியாதை பார்க்கிற மனிதர் புயல் நேரத்தில் யாரை அதட்டி வேலை வாங்குவார்?

இனிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

டிசம்பர் 5

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?” காலையிலிருந்து இதே பாட்டு. கேட்பதெல்லாம் நல்ல கேள்வி. அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 18

சூறாவளி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பனி மழை தெரியாது. மின்கம்பியில் மழை பனியாக உறைந்து கம்பி அறுந்துவிழுந்தால் ஒரு மாவட்டமே இருண்டுபோகும், மூச்சுக் கருவியில் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டார்.

ஆளுநர்களைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் தூறலுக்கே ராணுவம் கேட்பார். மலை மாநிலத்துப் பெரியவர் நேர் எதிர். அவர் “பரவால்லம்மா” என்றால் நிலைமை கையை மீறிவிட்டது என்று அர்த்தம்.

“எங்கப்பாவும் அப்படித்தான் மேடம். நெஞ்சு வலிக்கும்போதும் பரவால்லன்னுதான் சொன்னாரு.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த எதிர்க்கட்சிக்காரனை எனக்கு எப்போது பிடிக்க ஆரம்பித்தது?

ஜனவரி 9

மானம் போயிற்று.

இன்று ஒத்திகை. போகிறவர்கள் முன் நாற்காலியில், வருகிறவர்கள் பின் நாற்காலியில். புது ஜனாதிபதி பதவியேற்கிற இருபதாம் தேதி பெரிய பனி மழை என்று கற்பனை. சுவர்க் கடிகாரத்தைக் கையால் தள்ளிவைப்பார்கள். பகல் பன்னிரண்டு அடித்ததும் ஆட்சி அவர்களுடையது, இடம் மாற வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் சொல்லுக்குச் சட்டப்படி மதிப்பே கிடையாது.

பன்னிரண்டு அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை! தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கே லாரி அனுப்பு, இங்கே ஜெனரேட்டர் அனுப்பு என்று உத்தரவு மேல் உத்தரவு. ஒத்திகை நடத்தியவர் கடைசியில், “மேடம், நீங்க அரை மணி நேரமா சாதாரணக் குடிமகள்” என்றார். அறையே சிரித்தது.

பாபினோ சிரிக்கவில்லை. அவ்வளவு நேரமும் என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ஏன் சொல்லல?”

“ஒரு பொம்பளய எந்திரிங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது மேடம்.”

கழிப்பறையில் போய் அழுதேன். எனக்கு விடத் தெரியவில்லை, அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. நிஜமாகவே அன்று ஏதாவது வந்தால்? எங்கள் இரண்டு பேர் நடுவில் எவனோ ஒருத்தன் இருட்டில் மூச்சுமுட்டிச் சாவானே, கடவுளே.

ஜனவரி 10

“அன்னிக்கு நான் எந்திரிக்கலன்னா நாற்காலியோட தூக்கி வெளிய போடுங்க” என்றேன்.

“சரி மேடம்” என்றார். குரலில் தெம்பே இல்லை.

ஜனவரி 18

மலை மாநிலத்தில் இருபதாம் தேதி பனி மழையாம். வானத்துக்குக் கூடவா நம் காலண்டர் தெரியும்?

ஜனவரி 20

விடியற்காலையிலிருந்து பனி மழை. என் ஆட்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் முன் நாற்காலியில், பாபினோ பின்னால். நண்பகலை ஒட்டி மலை மாநிலத்துப் பெரியவர் கூப்பிட்டார். “பரவால்லம்மா, சமாளிச்சுக்கறோம்...”

நான் பேனாவை எடுத்தேன். “எந்தப் பக்கம் சார்? கரண்ட் எங்கெங்க போச்சு?” அவர் ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

“எந்திரிங்க.”

யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன். பாபினோதான். மேடமும் இல்லை, தயவும் இல்லை. முகம் வெளிறியிருந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“லோர்னா, எந்திரிங்க. மணி ஆயிடுச்சு.”

எழுந்தேன். தொலைபேசியை என் விரலிலிருந்து அவர்தான் பிரித்து எடுத்தார். நாற்காலியில் என் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் நான் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

“அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க சார். நான் பாபினோ, இனிமே நான்தான். பரவால்லன்னு சொல்லாதீங்க சார், மூச்சுக் கருவி வச்சிருக்கற வீடெல்லாம் எந்தப் பக்கம்? அத மொதல்ல சொல்லுங்க.”

கதவருகே நின்று இதைக் கேட்டேன். இதைவிட அழகான பேச்சை நாலு வருடத்தில் அந்த அறையில் நான் கேட்டதில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கெட்ட கோபம் வந்திருக்கும்.

வாசலில் அட்டையைக் கொடுத்தேன். ஆர்விட் காரில் காத்திருந்தார். வழி முழுக்க ஒரு குத்தல் பேச்சுகூட இல்லை.

ஜனவரி 21

மலைப்பக்கம் பாதி ஊர்களுக்கு மின்சாரம் வந்துவிட்டதாம். உயிர்ச்சேதம் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள்.

நாள் முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கவே இல்லை. ஒண்ணே ஒண்ணுகூட பாபினோவுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வருத்தமா?” என்றார் ஆர்விட்.

“ஆமா” என்றேன். சிரிப்பும் வந்தது.

பாபினோ அம்மாவுடைய பீங்கான் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நானும் ஒரு இனிப்பு சுட்டு வைக்க, ஆப்பிள் வாங்கிவரச் சொல்லி ஆர்விட்டை அனுப்பியிருக்கிறேன்.