பாத்ரூமில் கிடந்த ஜப்பான் கல்

புதன்கிழமை.

செல்வி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் குளிக்கப் போனால், ஜப்பானிலிருந்து வரவழைத்த என் கல் பாத்ரூம் தரையில் ஈரமாகக் கிடந்தது. அங்கே மலையில் வெட்டியெடுத்த இயற்கைக் கல். சவரக்கத்திக்குக் கடைசிக் கூர் ஏற்றுவதற்கென்றே நான்கு வருடம் தேடி வாங்கியது. செல்வி அதில் குதிகாலைத் தேய்த்திருக்கிறாள்.

“அறிவிருக்குதா உனக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. “அலமாரில வச்சிருக்கியளே, நல்ல கல்லா இருக்கும்னு எடுத்தேங்க. ஒரே வழவழன்னு இருக்குது, ஒண்ணுமே தேயல,” என்று காலை நீட்டிக் காட்டினாள்.

நாள் முழுக்க உப்பளத்துத் தண்ணீரில் நிற்கிற கால். வெடிப்புகளில் ரத்தம் கசிந்திருந்தது. கத்தியின் கூரில் ஒரு பிசிறு இருக்கிறதா என்று தினமும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவன் நான். இந்தக் கால்களை இன்றுதான் பார்த்தேன்.

அலமாரியில் இதே மாதிரி கடைசிக் கூருக்கான கற்கள் ஏழு இருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். எல்லாமே வழவழப்பு. அவள் காலுக்கு உதவுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.