சிக்னலில் இறங்குகிறவர்கள்

அனுப்புநர்
மு. அஜீசுன்னிசா, எம்.எஸ்ஸி.,
இயற்பியல் ஆசிரியை,
கோட்டுச்சேரி, காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு கோட்ட மேலாளர் அவர்கள்,
ரயில்வே கோட்ட அலுவலகம்.

பொருள்: மாலைப் பயணிகள் ரயிலைக் காரைக்கால் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருவாரூரில் பணிபுரிகிறேன். அங்கிருந்து மாலையில் திரும்பும் பயணிகள் ரயில், சரக்கு வண்டி நிலையத்தைக் கடக்கும்வரை, காரைக்காலுக்குச் சற்று முன்பாகச் சிக்னலில் நிறுத்தப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தால் கோட்டுச்சேரிமேடு, திருவேட்டக்குடி பக்கம் போகும் கடைசிப் பேருந்து போய்விடும். எனவே அங்கேயே குதித்து இறங்கி, பக்கத்துத் தண்டவாளத்தைக் கடந்து சாலைக்குப் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே ஷேர் ஆட்டோக்கள் காத்திருக்கின்றன. ஒரு டீக்கடையும் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதை ஒரு நிறுத்தம் என்றே நினைக்கிறார்கள்.

2. இதுவரை யாருக்கும் எதுவும் ஆகாததற்குக் காரணம் எங்கள் ஜாக்கிரதை அல்ல. பக்கத்துப் பாதையில் நிலக்கரி வண்டிகள் மட்டுமே, மெதுவாக, பெரும் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தன. இப்போது அதில் மின்சார விரைவு ரயிலுக்கான சோதனை ஓட்டம் நடக்கிறது.

3. சென்ற வியாழக்கிழமை வாடைக்காற்று பலமாக இருந்தது. எனக்கு முன்னால் மீன் வியாபாரி திருமதி அஞ்சுகம், விற்று முடித்த காலி அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். பார்த்துப் போகச் சொன்னேன். “வண்டி வந்தா காது கேக்காதா டீச்சர், நீங்க வேற” என்றார். அப்போது அவர் தலையிலிருந்த பாத்திரம் பளிச்சென்று வெளிச்சமானது. அவர் பின்னால் சாய்ந்து என்மேல் விழுந்தார். ஹாரன் அடித்திருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. சோதனை ஓட்ட எஞ்சின் போன பிறகு பாத்திரம் தண்டவாளத்தில் தகடாகக் கிடந்தது.

4. மறுநாளும் அதே இடத்தில்தான் இறங்கினோம். அஞ்சுகம் புதுப் பாத்திரம் வாங்கியிருந்தார்.

5. என் முந்தைய மனுவுக்கு, ‘அவ்விடத்தில் நிறுத்தம் எதுவும் இல்லை; விபத்தும் பதிவாகவில்லை; எனவே நடவடிக்கைக்கான தேவை எழவில்லை’ என்று பதில் வந்தது. அதில் பிழை ஏதும் இல்லை. எத்தனை நாளைக்கு அது பொருந்தும் என்பதே என் கேள்வி.

மாலை ரயிலை முதலில் நிலையத்துக்குள் விட்டு, சரக்கு வண்டியைப் பிறகு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், விரைவு ரயில் ஓடத் தொடங்குவதற்குள் அந்த இடத்தில் ஒரு விளக்கும், எங்களைத் தடுத்து நிறுத்த ஓர் ஆளும் வேண்டும். மனு எழுதினால் ரயில்கள் ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவள் அல்ல நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தங்கள் பதில் அந்த ரயிலுக்கு முன்னால் வந்துசேரும் என்று எதிர்பார்க்கும்,

மு. அஜீசுன்னிசா
(கையொப்பம்)

இடம்: கோட்டுச்சேரி
நாள்: 24.11.2025

நகல்: திரு. ரஃபீக், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் – பத்திரமாக வைத்திருக்க. எங்களில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டிய தேவை இல்லாதவர் அவர் ஒருவர்தான்.