மில்லிமீட்டர் என்று எழுத வேண்டிய இடம்

எடின்பரோ
14.11.2005

அன்புள்ள அப்பாவுக்கு அமுதா எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் வலிக்குக் காஞ்சிபுரம் டாக்டரிடம் போனீர்களா?

போனில் அம்மா, "கொரலு ஏம்மா ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டதற்குச் சளி என்றேன். சளி இல்லை. வெள்ளத்தைக் கணக்கிட யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றுக்கு நான் விளக்கக் குறிப்பு எழுதுகிறேன் அல்லவா? அதில் மழையளவை மில்லிமீட்டரில் கொடுங்கள் என்பதற்குப் பதில் சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டேன். பெரு நாட்டில் ரோசா என்ற இன்ஜினியர் அதை நம்பி, ஓர் ஊருக்கு ஆற்றங்கரை உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார். "இவ்வளவு மழைக்கும் தண்ணீர் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டு எழுதினார். தவறு என்னுடையது என்று இன்டர்நெட்டில் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். இன்றுதான் பதில் வந்தது. கரை இன்னும் கட்டவில்லையாம்.

அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். மற்ற பக்கங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தென்னேரி ஏரியில் தினமும் நீர்மட்டம் பார்த்துக் குறிப்பவர் நீங்கள். ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பருப்புப்பொடியும் சேர்த்து அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எனக்காக எல்லாம் புரிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்,
அமுதவல்லி