க்ளோஸா என்று கேட்டார்கள்

என் சந்திரா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மாதமாகிறது. இங்கே கொச்சியில், பள்ளுருத்தியில் உன் ரூமுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மட்டாஞ்சேரி ஹோட்டல் சமையலறையில் நீ காய் நறுக்கிய இடத்தில் ஓர் அசாம் பெண் நிற்கிறாள். "சந்திரா சேச்சியோட ஃபைல் க்ளோஸ் ஆயி," என்றார் மேனேஜர். அந்த வார்த்தை காதில் விழுந்ததும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று காலை ஈரத் தரையில் வழுக்கி நீ விழுந்ததும் ஆட்டோவில் தூக்கிப் போனது நான்தான். தலையில் ஆபரேஷன், யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். "நிங்ஙள் இவருக்கு க்ளோஸ் ஆணோ, சேச்சி?" என்று நர்ஸ் கேட்டாள், நெருங்கிய ஆளா என்று. ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் மேல் வருமே என்று பயந்துவிட்டேன் அக்கா. "இல்ல சிஸ்டர், சும்மா பக்கத்து ரூமு," என்றேன்.

பன்னிரண்டு வருஷம் உன்னோடு ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தவள் சொன்ன பதில் அது. எனக்கு டைபாய்டு வந்தபோது வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தாயே. ஸ்ட்ரெச்சரில் உன் கண் திறந்திருந்தது. நான் சொன்னது கேட்டதா உனக்கு?

டாக்டர் யாருக்கும் காத்திராமல் ஆபரேஷன் செய்துவிட்டார். சாயங்காலம் அதே நர்ஸ் கதவைத் திறந்து, "சந்திரயுடெ அனியத்தி ஆரா? விளிக்குந்நு," என்றாள். தங்கச்சியைக் கூப்பிடுகிறாயாம்; என்னைத் தவிர யாரை நீ அப்படிக் கூப்பிடுவாய்? காலையில் அவளிடமே சும்மா பக்கத்து ரூமு என்று சொல்லியிருந்தேனே. நான் எழுந்திருக்கவில்லை. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கதவருகே போனேன். "டைம் க்ளோஸ்," என்றார் செக்யூரிட்டி.

மறுநாள் விடியற்காலை தென்காசியிலிருந்து உன் மகள் ரேவதி வந்தபோது நீ இல்லை. "அம்மா கடைசியா என்ன சொல்லிச்சு சித்தி?" என்று கேட்டாள். அன்று மழுப்பினேன். போன மாதம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை.

நேற்று கூப்பிட்டாள். "எட்டாம் மாசம் முடியப்போவுது. பிரசவத்துக்கு எனக்கு யாரு இருக்கா? எனக்குக் கோவம் தீரல சித்தி. ஆனா நீங்க வாங்க."

போகிறேன் அக்கா. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைக்கு நாற்பது நாளும் நானே தண்ணீர் ஊற்றுவேன். அதற்கப்புறமும் அவளுக்குக் கோபம் இருந்தால், இருக்கட்டும், கூடவே இருப்பேன்.

உன் தங்கச்சி,
வள்ளி