அக்காவின் முறை

ஜூலை 4
இன்றும் என் அறையில் இருக்கும் சீனியர் அக்காவுக்குப் பதில் நானே பாத்திரம் கழுவினேன். பன்னிரண்டு தட்டு, இரண்டு குக்கர், அடிப்பிடித்த சட்டி ஒன்று. சுவரில் ஒட்டியிருக்கும் முறைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு அறைக்கு வந்தால், காலையில் படுத்திருந்த அதே பக்கமாகவே படுத்திருக்கிறாள்.
"சாப்பிட்டியாக்கா?"
"ம்."
பொய்.

ஜூலை 9
இந்தக் கூட்டுறவு வீட்டில் வார்டன் கிடையாது. சமைப்பது, கழுவுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் மாணவர்களே முறை வைத்துச் செய்கிறோம். அதனால்தான் வெளியில் கேட்கிற வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கு இங்கே தங்கிப் படிக்க முடிகிறது. போன வருஷம் எனக்காக எல்லாரிடமும் மல்லுக்கட்டி இடம் வாங்கித் தந்தவள் அக்காதான். மூன்று தடவை முறை தவறினால் கூட்டம் போட்டு, அவர் இங்கே இருக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்று விதி எழுதியவளும் அவளேதான்.

ஜூலை 11
டாக்டரிடம் போகலாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 15
மாட்டிக்கொண்டேன். தண்ணீர் பிடிக்க வந்த செயலாளர் (சட்டம் படிக்கிற அண்ணன்) என்னைப் பார்த்துவிட்டார்.
"இன்னைக்கு உன் முறை இல்லையே?"
"அக்காவுக்கு உடம்பு சரியில்ல."
"எத்தனை நாளா?"
கையிலிருந்த சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.
"முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். மறைச்சுட்டியே."
அப்படியா? நானா கெடுத்தேன்? நல்லதுன்னு நெனச்சுதானே செஞ்சேன் —

ஜூலை 20
கூட்டம். நான் செய்துகொடுத்ததெல்லாம் அக்கா தவறியதாகத்தான் கணக்காம். இடம் கேட்டு நாற்பது பேர் காத்திருக்கிறார்களாம். அக்கா தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.
"ஏதாவது சொல்றியா?" என்று செயலாளர் கேட்டார்.
"விதி சரிதான்" என்றாள். அவ்வளவுதான்.
அக்கா காலி செய்யணும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கை. நான் தூக்கவில்லை. ஆனால் வேண்டாம்னும் சொல்லலையே. சொல்லணும்னு எழுந்தேன், எல்லாரும் என்னையே பார்த்தாங்க, உட்கார்ந்துட்டேன். எனக்கெல்லாம் எதுக்கு வாய்?

ஜூலை 27
அக்காவின் அண்ணன் வந்து சாமான்களை வண்டியில் ஏற்றினார். "நீதான் அவளப் பாத்துக்கிட்டியாம்மா. போன்ல எப்பவும் சொல்லுவா" என்றார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
"படிப்பு?" என்று அக்காவிடம் கேட்டேன்.
"பாக்கலாம்."
அக்கா என் தலையில் கை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஜூலை 30
நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3
அந்தக் கட்டிலுக்கு ஒரு முதலாமாண்டுப் பெண் வந்திருக்கிறாள். வீட்டு வேலைகளை விளக்கிச் சொன்னேன்.
"முறை தவறினா என்னக்கா பண்ணுவாங்க?"
"கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுவாங்க."
"அவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.